சின்னம்மாவின் விரலுக்கு யார் வழி சொன்னது?

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த உரைக்கு என்னைக் கூப்பிட்டபோது 'உடம்பின் எதிர்ப்புச் சக்தி' என்று பொதுவாக ஒரு தலைப்பு கொடுத்தார்கள். அது ஆழ்கடல். எனக்குக் கிடைத்திருக்கும் நேரத்தில் முழங்கால் தண்ணீரில்தான் நிற்க முடியும். அதனால் அதில் ஒரு ஓரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்த ஓரத்தைக் காட்டிக் கொடுத்தது என் சின்னம்மாவின் விரல்.

சின்னம்மாவுக்குப் பாம்பன் பக்கம். முப்பது வருடத்துக்கு மேலாகக் கடலில் பாசி எடுக்கிறார். கண்ணாடி மாட்டி, விரல் ஒவ்வொன்றிலும் கிழிந்த சேலைத் துணியைச் சுற்றிக்கொண்டு, பாரில், அதாவது கடலடிப் பாறையில், முங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கி இடுப்புப் பையில் போடுவார். எவ்வளவு துணி சுற்றினாலும் பாறை கிழிக்கத்தான் செய்யும். போன மாதம் நடுவிரல் கிழிந்திருக்கிறது. இரண்டாம் நாள் வீக்கம். மூன்றாம் நாள் விண் விண் என்று தெறிப்பு. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, ரத்தமும் எடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் எனக்குப் போன் வந்தது.

"ஆத்தா, வெள்ளணு 14,000-னு போட்டிருக்கு. 11,000-க்குள்ள இருக்கணுமாமே?"

"ஆமா சின்னம்மா. காயத்துல கிருமி நுழைஞ்சிருக்கு. அதை அடிக்க உடம்பு ஆள் அனுப்புது. அதான் கூடியிருக்கு."

"சரி, அனுப்பட்டும். உடம்பு பூரா ரத்தம் ஓடுது. காயம் இந்த விரல்லதான்னு அவுகளுக்கு யாரு சொல்றது?"

நான் மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுக்கிறவள். இத்தனை வருடத்தில் எந்த மாணவரும் இவ்வளவு நேராக இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. போனில் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மீதியை இப்போது சொல்லிவிடுகிறேன். சின்னம்மாவும் கேட்டுக்கொண்டிருப்பார்.

முதலில் ஆட்கள். காயத்துக்கு முதலில் ஓடி வருகிற வெள்ளணுவுக்கு நியூட்ரோபில் என்று பெயர். எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோபில்களைச் செய்து ரத்தத்தில் இறக்கிவிடுகிறது. பெரும்பாலானவை ஒரு வேலையும் கிடைக்காமல், ஒரு நாள் போல ரத்தத்தோடு சுற்றிவிட்டு மடிந்துபோகும். ரத்தம் அதுபாட்டுக்கு ஓடும். தலைக்கும் போகும், கால் கட்டைவிரலுக்கும் போகும். விரலில் காயம் என்பதற்காக ரத்தம் அந்தப் பக்கமாகத் திரும்பி ஓடுவதில்லை. சின்னம்மா கேட்டது அதைத்தான்.

வழி சொல்கிறவர்களுக்குக் கீமோகைன் என்று பெயர். மிகச் சின்னப் புரதங்கள். புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. கீமோகைன் மாலையில் பெரும்பாலும் 70 முதல் 100 மணிகள்தான் இருக்கும். புரதக் கூட்டத்தில் இவை நெத்திலி. மனித உடம்பில் இந்த நெத்திலியில் 40-க்கும் மேற்பட்ட வகை உண்டு. அவற்றை முகர்ந்து பார்க்க வெள்ளணுக்களின் மேல்தோலில் ஏற்பிகள் இருக்கின்றன. அதில் சுமார் 20 வகை.

விரல் கிழிந்ததும் என்ன நடக்கிறது? தோலுக்கு அடியில் காவல்கார அணுக்கள் ஏற்கனவே குடியிருக்கின்றன. அவை கிருமியின் மேலுறையைத் தொட்டுப் பார்த்ததுமே கீமோகைனை வெளியே விடத் தொடங்கும். நியூட்ரோபிலை அழைக்கிற முக்கியமான கீமோகைனுக்கு இண்டர்லூக்கின் 8 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1987-இல் அடையாளம் கண்டது. காயத்துக்குப் பக்கத்தில் அது அடர்த்தியாக இருக்கும், தள்ளிப்போகப் போகக் குறையும். நண்டுக்கூட்டில் கட்டிய இரையின் வாடை தண்ணீரில் பரவுகிற மாதிரி. நண்டு வாடை கூடுகிற பக்கமாக நகர்ந்து நகர்ந்து கூட்டுக்குள் வந்துவிடும். நியூட்ரோபிலும் அப்படித்தான். ஆனால் அது நண்டை விடக் கெட்டிக்காரி. அதன் உடம்பு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அந்த அளவுக்குள் முன்பக்கம் வாடை எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று ஒப்பிடுகிறது. இரண்டுக்கும் நூற்றுக்கு ஒன்றிரண்டு வித்தியாசம் இருந்தாலே போதும், திசையைப் பிடித்துவிடும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கடலில் தொழில் செய்கிறவர்களுக்கு நான் சொல்லாமலே புரியும். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், பலமாக இருந்தால் இரையின் வாடை கூட்டைச் சுற்றி நிற்குமா? அடித்துக்கொண்டு போய்விடும். ரத்தக்குழாயும் நீவாடுதான். வாடையை வெறுமனே ரத்தத்தில் கலந்துவிட்டால் அது ஒரு நிமிடத்தில் உடம்பு முழுக்கப் போய்ச் சேர்ந்து, எந்தப் பக்கம் காயம் என்றே தெரியாமல் ஆகிவிடும். உடம்பு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ரத்தக்குழாயின் உள்சுவரில் ஹெப்பரான் சல்ஃபேட் என்று ஒரு சர்க்கரைச் சங்கிலி, பாம்பன் பாலத்தூணில் பாசி தொங்குகிற மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். காயத்திலிருந்து வருகிற கீமோகைன் இந்தச் சங்கிலியில் ஒட்டிக்கொள்ளும். ரத்தம் ஓடினாலும் அது ஓடாது. காயம் இருக்கிற இடத்துச் சுவரில் மட்டும் அழைப்பு ஒட்டியிருக்கும்.

அப்புறம் படகு நிற்பது. நங்கூரம் போட்டும் மண்ணைக் கவ்வாமல் இழுபடுகிற படகைப் பார்த்திருப்பீர்கள். காயத்துக்குப் பக்கத்துக் குழாய்க்கு வந்த நியூட்ரோபில் முதலில் அப்படித்தான் சுவரை லேசாகப் பிடித்தும் விட்டும் உருண்டுகொண்டே போகும். இந்த இழுபறிக்கு செலக்டின் என்கிற புரதம் பொறுப்பு. உருளும்போதே அது சுவரை முகர்கிறது. கீமோகைன் தட்டுப்பட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் இன்டெக்ரின் என்கிற கொக்கிகள் நிமிர்ந்து சுவரைக் கவ்விக்கொள்ளும். படகு நின்றுவிட்டது. கீமோகைன் தட்டுப்படவில்லையா, பிடியை விட்டுவிட்டு ஓட்டத்தோடு போய்விடும். நின்ற அணு சுவரின் இடுக்கில் உடம்பை நெளித்து நுழைந்து வெளியே வந்து, காயத்தை நோக்கி ஊர்ந்து போகும். வேகம் நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் கடக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். விரல் கிழிந்த அன்று ராத்திரி முழுக்கச் சின்னம்மா தூங்கும்போது இந்த நடைதான் நடந்திருக்கிறது.

வந்து சேர்ந்தவை கிருமியை விழுங்கி, தாங்களும் மடியும். அந்தச் சடலக் குவியல்தான் சீழ். நம் ஊரில் 'கெட்ட ரத்தம் வெளியே வருது' என்பார்கள். அது கெட்ட ரத்தம் இல்லை, வேலை முடித்து விழுந்த வெள்ளணுக்கள். ஓரிரு நாள் கழிந்ததும் காவல்கார அணுக்கள் வேறொரு கீமோகைனை விட்டு மோனோசைட் என்கிற அடுத்த கூட்டத்தை அழைக்கும். அவை வந்து குப்பையை அள்ளி, புண் ஆறுவதற்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கும். வயிற்றுப் பூச்சி, ஒவ்வாமை என்றால் அழைப்பே வேறு, வருகிறவர்களும் வேறு. இயோடாக்சின் என்று ஒரு கீமோகைன் இருக்கிறது. அது இயோசினோபில் என்கிற வெள்ளணுக்களைக் கூப்பிடும். ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாயில் அந்தக் கூட்டம்தான் வேண்டாத நேரத்தில் வந்து நின்றுகொண்டு தொல்லை கொடுக்கும்.

காயத்தை நோக்கி அணுக்கள் போகின்றன என்பதை முதலில் கண்ணால் பார்த்தவர் ஒரு கடற்கரையில் இருந்துதான் பார்த்தார். ரஷ்யாவிலிருந்து வந்த விலங்கியலாளர் மெச்னிகோவ். 1882, இத்தாலியில் மெஸினா. அங்கே கடலில் கிடைக்கும் நட்சத்திர மீனின் குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும். உடம்புக்குள் அணுக்கள் நகர்வது வெளியே தெரியும். வீட்டில் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த நேரம். தோட்டத்தில் இருந்த ரோஜா முள்ளை எடுத்து வந்து குஞ்சுகளின் தோலில் குத்திவைத்துவிட்டு, ராத்திரி தூக்கம் வராமல் புரண்டிருக்கிறார். காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றி அணுக்கள் கூட்டமாக மொய்த்து நின்றன. அந்த வேலைக்கு 1908-இல் நோபல் பரிசு, பால் எர்லிக்கோடு பகிர்ந்து. ஆனால் முள் இருக்கும் இடம் அந்த அணுக்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதற்குத் துல்லியமான பதில் கிடைக்க இன்னும் நூறு வருடம் ஆனது.

மெச்னிகோவுக்கு நட்சத்திர மீன். எனக்குச் சின்னம்மா எடுத்த பாசி. இதைச் சொல்லாமல் விட மனசில்லை.

நோன்புக் காலத்தில் கீழக்கரைப் பக்கம் கடல்பாசி காய்ச்சி, பால் விட்டு, தட்டில் ஊற்றி, ஆறியதும் வில்லை வில்லையாக வெட்டுவார்கள். அந்த வழவழப்புக்குக் காரணம் அகர். மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுப்பதும் அகர்தான். அகரை இன்னும் சுத்தம் செய்தால் அகரோஸ். 1975-இல் இந்த அகரோஸை வைத்து ஒரு சோதனை கண்டுபிடித்தார்கள். உள்ளங்கை அளவு கண்ணாடித் தட்டில் அகரோஸைச் சூடாக ஊற்றி ஆறவைக்க வேண்டும். இறுகியதும் மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் வரிசையாக மூன்று குழி. நடுக்குழியில் ரத்தத்திலிருந்து பிரித்த நியூட்ரோபில். ஒரு பக்கக் குழியில் அழைக்கும் பொருள், மறு பக்கக் குழியில் வெறும் திரவம். உடம்புச் சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டுச் சாயம் போட்டுப் பார்த்தால், நடுக்குழியிலிருந்து அணுக்கள் வெறும் திரவத்தின் பக்கம் ஓரத்தோடு நின்றிருக்கும். அழைப்பு இருந்த பக்கம் மட்டும் அகரோஸுக்கு அடியில் நுழைந்து, வால்நட்சத்திரத்தின் வால் மாதிரி நீண்டிருக்கும்.

மாணவியாக இருந்தபோது இதை நான் முதல் முறை செய்தேன். என் கையிலிருந்தே ரத்தம் எடுத்தேன். குழி வெட்டும்போது அவசரம். வில்லையைப் பிடுங்கிய வேகத்தில் குழியின் அடி கிழிந்து, அழைக்கும் திரவம் அகரோஸுக்கு அடியில் பரவி, நான்கு பக்கமும் ஒரே வாடை ஆகிவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அணுக்கள் கொஞ்சம் நெளிந்திருந்தன, கொஞ்சம் உருமாறியிருந்தன, ஆனால் ஒரு பக்கமும் போகவில்லை. அன்றைக்கு எனக்கு அழுகை. இன்றைக்கு அந்தத் தட்டைத்தான் மாணவர்களுக்கு உதாரணமாகச் சொல்கிறேன். வாடை இல்லாதபோது மட்டுமல்ல, எங்கும் ஒரே அளவு வாடை இருந்தாலும் அணுவுக்குத் திசை தெரியாது. பக்கத்து அறையில் கிருமி வளர்ப்பதற்காக அகர் கொதித்துக்கொண்டிருந்தது. காயப்போட்ட பாசியின் வாசம். வீட்டு முற்றத்து ஞாபகம் வந்து இன்னும் அழுதேன்.

பாசியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. மண்டபம் பக்கம் மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கிறார்களே, பெப்சிப் பாசி என்று சொல்கிற பாசி, அதிலிருந்து எடுப்பது கராஜீனன். அதன் வேறொரு வகையை எலியின் பாதத்தில் ஊசியால் ஏற்றி, பாதம் வீங்குவதையும் வெள்ளணுக்கள் வந்து குவிவதையும் அளந்து, வீக்கம் குறைக்கும் மருந்துகளைச் சோதிப்பது 1960-களிலிருந்து வழக்கம்.

சரி, விரலுக்கு வருவோம். மூன்றாம் நாள் சின்னம்மாவுக்கு அக்குளில் நெறி கட்டியிருந்தது. காலில் முள் குத்தினால் தொடையிடுக்கில் நெறி கட்டும், கையில் என்றால் அக்குளில். பாட்டி காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த விஷயம்தான். ஏன் என்று கேட்டால், அதற்குள்ளும் கீமோகைன் இருக்கிறது. காயத்தில் கிருமியின் துண்டைப் பிடித்த டென்ட்ரைட் அணு, தன் மேல்தோலில் சி.சி.ஆர்.7 என்கிற புது ஏற்பியை வரவழைத்துக்கொள்ளும். அந்த ஏற்பிக்குப் பிடித்த வாடை நெறியிலும் நெறிக்குப் போகிற நிணநீர்க் குழாயிலும் வீசும். அதைப் பிடித்துக்கொண்டு டென்ட்ரைட் அணு அக்குளுக்கு வந்து சேர்ந்துவிடும். டி அணுக்கள் என்கிற வேறொரு வகை வெள்ளணுக்களிடம் அதே ஏற்பி ஏற்கனவே இருப்பதால் அவையும் அங்கேதான் கூடுகின்றன. வந்தது யார், எப்படி இருக்கும் என்று டென்ட்ரைட் அணு கிருமியின் துண்டை அங்கே வைத்துக் காட்டுகிறது. சரியான டி அணு கிடைத்தால் அது பெருகும், நெறி வீங்கும். இந்தச் சந்திப்பு நடக்காவிட்டால் அடுத்த முறை அதே கிருமி வரும்போது உடம்புக்கு அடையாளம் தெரியாது.

இப்போது அந்த 14,000. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருக்கும் எண்ணிக்கை, சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறவர்களின் எண்ணிக்கை. காயத்தில் போய் இறங்கியவர்கள் அதில் இல்லை. ரத்தத்தில் இருக்கிற நியூட்ரோபில்களில் கணிசமானவை குழாய்ச் சுவரோரமாகச் சாய்ந்து நிற்கும்; கரைவலை இழுத்து மூச்சு வாங்கும்போது ரத்தம் எடுத்தால் அவையும் ஓட்டத்தில் சேர்ந்து எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும். கிருமி ஒன்றும் வந்திருக்காது.

எண்ணிக்கைக்கும் வந்து சேர்வதற்கும் எவ்வளவு தூரம் என்பதை இரண்டு விஷயங்களில் பார்க்கலாம். மிக அரிதாகச் சில குழந்தைகள் இன்டெக்ரின் கொக்கி இல்லாமல் பிறக்கும். பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி ஓரிரு வாரத்தில் காய்ந்து விழ வேண்டும். இந்தக் குழந்தைகளுக்கு மூன்று வாரம் ஆனாலும் விழாது. ரத்தத்தில் பார்த்தால் வெள்ளணு தாறுமாறாகக் கூடியிருக்கும். புண்ணைப் பார்த்தால் ஒரு பொட்டு சீழ் இருக்காது. அழைப்பு சுவரில் ஒட்டியிருக்கிறது, படகுகள் நிறைய வருகின்றன, நங்கூரம் இல்லை. ஒரு படகும் நிற்பதில்லை.

இரண்டாவது மலேரியாவில் இருந்து வருகிறது. ராமேசுவரம் தீவுக்கு மலேரியா புதிய செய்தி இல்லை. இங்கே வருகிற வைவாக்ஸ் மலேரியா கிருமி சிவப்பணுவுக்குள் நுழைய டஃபி என்கிற புரதத்தைக் கதவாகப் பயன்படுத்துகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ எல்லோருக்கும் சிவப்பணுவில் இந்த டஃபி கிடையாது. வைவாக்ஸ் அவர்களை அவ்வளவாகத் தொடாததற்கு இதுதான் காரணம் என்று 1970-களில் தெரியவந்தது. சரி, மலேரியாக் கிருமிக்குக் கதவு திறக்கவா உடம்பு இப்படி ஒரு புரதத்தை வைத்திருக்கும்? 1990-களில் அதற்கும் பதில் வந்தது. டஃபி ஒரு கீமோகைன் ஏற்பி. சிவப்பணுக்கள் அதை வைத்துக்கொண்டு ரத்தத்தில் கசிந்த இண்டர்லூக்கின் 8 போன்றவற்றை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. அந்தக் கதவைத்தான் கிருமி கள்ளச்சாவி போட்டுத் திறக்கிறது. எனக்கு இதில் பிடித்த சங்கதி வேறு. சிவப்பணுவில் டஃபி இல்லாதவர்களுக்கு ரத்தத்தில் நியூட்ரோபில் எண்ணிக்கை இயல்பாகவே குறைவு. பரிசோதனைச் சீட்டைப் பார்த்தால் டாக்டர் பயந்துவிடுவார். ஆனால் அவர்களுக்குக் காயம் நன்றாகவே ஆறுகிறது, கூடுதலாக நோய் வருவதுமில்லை. கொக்கி இல்லாத அந்தக் குழந்தைகளுக்கு எண்ணிக்கை ஏகப்பட்டது, புண் காலி. இங்கே எண்ணிக்கை குறைவு, புண்ணுக்கு ஆள் வந்துவிடுகிறது.

கள்ளச்சாவி வைத்திருப்பது மலேரியா மட்டுமில்லை. எச்.ஐ.வி. கிருமி சி.சி.ஆர்.5 என்கிற கீமோகைன் ஏற்பியைப் பிடித்துத்தான் உள்ளே போகிறது என்று 1996-இல் தெரிந்தது. வட ஐரோப்பாவில் நூறில் ஒருவருக்கு அந்த ஏற்பி பிறவியிலேயே இருக்காது. நம் பக்கம் அது மிக அரிது. அப்படிப்பட்ட ஒருவரின் ரத்த அணுக்களை உண்டாக்கும் தாய் அணுக்களைப் பெற்ற திமோதி ரே பிரவுன்தான் எச்.ஐ.வி.யிலிருந்து குணமான முதல் மனிதர். ஆட்டின் காதில் ஒட்டியிருக்கும் உண்ணியும் இந்தக் கலையில் தேர்ந்தது. அதன் எச்சிலில் கீமோகைனைக் கட்டிப்போடும் புரதங்கள் உண்டு. நாள் கணக்கில் கடித்துக்கொண்டே இருக்கும், ஆனால் அங்கே பெரிதாக வீங்காது. வெள்ளணுவுக்குத் தகவலே போவதில்லை.

அப்படியென்றால் வீக்க நோய்க்கெல்லாம் கீமோகைனைத் தடுத்து மருந்து கொடுத்துவிடலாமே என்று தோன்றும். மூட்டுவாதம் போன்ற நோய்களுக்கு நிறைய முயன்றுபார்த்து, பெரும்பாலும் கைவிட்டார்கள். ஒரு கீமோகைனை அடைத்தால் இன்னொன்று அதே ஏற்பிக்குத் தகவல் சொல்லிவிடுகிறது. வலையில் ஒரு கண்ணை அடைத்தால் மீன் பக்கத்துக் கண் வழியாகப் போகிற கதைதான். பலித்தவை சில உண்டு. மஜ்ஜையின் தாய் அணுக்களை அங்கேயே கட்டிவைத்திருக்கும் கீமோகைன் கயிற்றை அவிழ்த்து, அவற்றை ரத்தத்துக்கு வரவழைத்துச் சேகரிக்க உதவும் பிளெரிக்ஸாஃபர் அதில் ஒன்று.

போவதற்கு முன் கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு நியூட்ரோபில் வந்து சேர்வதும் மந்தம், வந்த பிறகு கிருமியைக் கொல்வதும் மந்தம். கால் மரத்திருந்தால் வலியும் தெரியாது. வெதுவெதுப்பான கடல் தண்ணீரில் விப்ரியோ என்று ஒரு கிருமிக் குடும்பம் உண்டு. சர்க்கரை, ஈரல் கோளாறு உள்ளவர்களின் காயத்தில் அதில் சில வகை புகுந்தால் ஒரே நாளில் கொப்புளம் கட்டி ஏறிவிடும். சிவப்பு வேகமாகப் பரவினால், காய்ச்சல் வந்தால் சுண்ணாம்பும் மஞ்சளும் அப்பிக்கொண்டு உட்காராதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சின்னம்மா ஐந்தாம் நாள் திரும்பவும் கூப்பிட்டார். சீழ் எடுத்துவிட்டார்களாம், வீக்கம் வற்றிவிட்டதாம், நெறியும் அமுங்கிவிட்டதாம்.

"இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பாக்கவா ஆத்தா? 14,000 கொறஞ்சிருக்கான்னு தெரியணும்ல?"

"விரலை மடக்க முடியுதா சின்னம்மா?"

"முடியுது."

"அப்ப எதுக்கு?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், கச்சான் காத்து குறைந்துவிட்டது, திங்கட்கிழமை பாசிக்குப் போகலாமா என்று கேட்டார். புண் ஆறுகிற வரைக்கும் கரையில் இருங்கள் என்றேன். போனை வைத்துவிட்டார்.

வணக்கம்.